கதவில் தொங்கிய நோட்டு

பிப்ரவரி 11, செவ்வாய், காலை 10.40

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. தேதிக்குப் பக்கத்தில் நேரம் எதற்கு, நான் என்ன மீட்டரா என்று நீ சிரிப்பாய். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் கை இது. தாளைக் கண்டால் முதலில் நேரத்தைப் போட்டுவிட்டுத்தான் மற்றதை யோசிக்கும். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கலாமென்றுதான் பேனாவை எடுத்தேன். "அப்போ இந்த பிரஷர் மாத்திரையெல்லாம் எதிர்வீட்டுக்காரரா முழுங்குறாரு?" என்று உன் அம்மா கேட்டதால் விட்டுவிட்டேன்.

உன் மாமா செவ்வாய்தோறும் பார்சல் வேனை ஓட்டிக்கொண்டு நீ இருக்கும் ஊருக்கு வந்து சனிக்கிழமை திரும்புகிறார் அல்லவா, இனி அவர் கையில்தான் கடிதம். தபாலில் போட்டால் யார் யாரோ பிரித்துப் படிப்பார்களாம். "என் தம்பி பிரிச்சாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள ஊர் வந்துடும்" என்கிறாள் உன் அம்மா.

தினமும் காலையில் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போடுகிறாயா? போன் கூடாது, கம்ப்யூட்டர் கூடாது, இந்த ஊர் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்று ஜாமீனில் எழுதியிருக்கிறார்களே, சாப்பிடலாம் என்றாவது எழுதியிருக்கிறதா? உன் செய்தித் தளத்தைத் தினம் ஒரு தடவை பிரவுசிங் சென்டரில் திறந்து பார்க்கிறேன். வெள்ளையாக ஒரு பக்கம், நடுவில் "தடை செய்யப்பட்டது" என்று ஒரு வரி. டிவியில் உங்கள் நாலு பேரையும் வெளிநாட்டுக் கைக்கூலிகள் என்கிறார்கள். "கைக்கூலி வாங்குறவ ஏன் ஒரே செருப்பை மூணு வருஷமா தைச்சுத் தைச்சுப் போடுறா?" என்று உன் அம்மா டிவியைப் பார்த்துக் கேட்டாள். டிவி பதில் சொல்லவில்லை.

போகட்டும், உன்னைச் சிரிக்க வைக்க ஒரு சேதி. உன் அப்பன் புத்தகத்தில் வரப்போகிறான்! போன வியாழக்கிழமை காலை 11.15க்கு இரண்டு பேர் வந்தார்கள். குடிநீர் வாரியத்தில் ஓய்வு பெற்றவர்களைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம். சுவரில் மாட்டியிருக்கும் "பிழையற்ற அளவீடு" சான்றிதழைப் படம் பிடித்தார்கள். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவனுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே சான்றிதழ் அதுதான் என்றேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒருத்தர், "கதவுல என்னங்க ஐயா, நோட்டு தொங்குது?" என்றார்.

நீ கேலி செய்வாயே, அதே நோட்டுதான். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை, வீட்டுக்கு யார் வந்தாலும் வந்த நேரம், போன நேரம், கையில் என்ன என்று எழுதிவைக்கிறேன் என்றேன். போன நவம்பரில் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாளைக்கூட விடாமல், உன் அம்மா சொல்லச் சொல்ல மறுநாள் எழுதியதையும் சொன்னேன். "இப்படி ஒரு மனுஷனை நாங்க பார்த்ததே இல்லைங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கடைசி இரண்டு நோட்டையும் படம் எடுத்துவிட்டுத் தருகிறோம் என்று வாங்கிப் போயிருக்கிறார்கள்.

"முன்னப்பின்ன தெரியாதவன் ரெண்டு வார்த்தை புகழ்ந்தா போதும், போட்டிருக்கிற சட்டையைக்கூட கழட்டிக் குடுத்துடுவீங்க" என்கிறாள் உன் அம்மா. பொறாமை. அவள் படம் மலரில் வராது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

*

பிப்ரவரி 15

அப்பா,

மாமா இன்னும் ஒரு மணி நேரத்தில் கிளம்புகிறார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அந்த இரண்டு நோட்டில் போன நவம்பர் 18 இருக்கிறதா? அன்று மாலை வீட்டுக்கு ஒருவர் வந்தார். நீங்கள் அவருக்குக் கதவைத் திறந்தீர்கள். அதை எழுதினீர்களா? எழுதியிருந்தால் என்ன எழுதினீர்கள்?

உங்களுக்கு நான் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடக்குப் பகுதிக் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்ததை வாரியத்தின் ஆய்வுக்கூடம், ஆட்கள் சாகத் தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பே கண்டுபிடித்துவிட்டது. மேலிடத்தில் அந்த ஆய்வுப் பதிவேட்டைத் திருத்தி, நல்ல தண்ணீர் என்று எழுதினார்கள். மஞ்சள் காமாலையில் பதினோரு பேர் செத்தார்கள். திருத்தாத தாள்களின் நகலை நாங்கள் வெளியிட்டோம். அவை போலி என்று அரசாங்கம் சொல்கிறது. போலி என்று சொல்லிக்கொண்டே, யார் கொடுத்தது என்று என்னிடம் ஒன்பது நாள் கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

அந்தத் தாள்கள் என் கைக்கு வந்தது நம் வீட்டில். எங்கள் அலுவலக வாசலில் ஆள் போட்டிருந்தார்கள், அதனால் வீடுதான் பத்திரம் என்று அந்த அக்காவை வரச் சொன்னது நான்.

ஓய்வு பெற்றவர்கள் மலர் என்று எதுவும் இல்லை அப்பா. மீதி நோட்டுகளை இன்றே எரித்துவிடுங்கள். யார் வந்தாலும் கதவைத் திறக்காதீர்கள்.

*

பிப்ரவரி 18, செவ்வாய், காலை 6.05

பாப்பா,

எழுதியிருந்தேன்.

"நவ. 18, திங்கள். மாலை 4.10 முதல் 6.05. ஆய்வுக்கூடத்து அம்மா. நீலத் துணிப்பை. போகும்போது பை இல்லை."

பார்க்காமலே சொல்ல முடிகிறது, பார். பை இல்லை என்பதை எதற்கு எழுதினேன் தெரியுமா? மறந்துவிட்டுப் போய்விட்டார்களோ, கேட்டால் கொடுக்கலாமே என்று. அந்த அம்மாவை எனக்குத் தெரியும். நான் வேலையில் இருந்த காலத்தில் மாடி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அன்று கதவைத் திறந்ததும், "என்னம்மா, நம்ம வீட்டுத் தண்ணியையும் சோதிக்க வந்தீங்களா?" என்று கேட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு யாரும் சிரிக்காதது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்ததும் ஓய்வூதியர் சங்கத்துக்கு ஓடினேன். "மலரா? நமக்கு மாசக் கூட்டத்துக்கு நாற்காலியே கிடைக்கல, மலராம்" என்றார் செயலாளர். திரும்பி வந்து மிச்சமிருந்த பதினான்கு நோட்டையும் கொல்லைப்பக்கம் வைத்து எரித்தேன். அட்டை சீக்கிரம் எரிவதில்லை. எரியும்போதே, எரித்த நேரத்தை எங்கே எழுதுவது என்று தேடியது கை. இப்படிப்பட்டவனை என்ன செய்வது, நீயே சொல்.

நேற்று அந்த அம்மாவை அலுவலகத்திலிருந்தே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்று காலையில் உன் அம்மா தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தப் பொம்பளைக்குப் பிள்ளை இருக்கா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். "அதை எழுதி வைக்கலையா?" என்றாள்.

அப்பா

*

பிப்ரவரி 22

அப்பா,

இருக்கிறது. ஒரு மகள். பத்தாவது படிக்கிறாள். கணவர் இல்லை.

ஒன்பது நாள் என்னை எப்படி உட்கார வைத்தார்கள் என்று உங்களிடமும் அம்மாவிடமும் சொல்லவில்லை. இனியும் சொல்லப் போவதில்லை. நகம் இப்போது வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் எனக்குள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தேன்: இன்றைக்கும் அந்த அக்கா வேலைக்குப் போயிருப்பார், இன்றைக்கும் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போயிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஏழு வருடத்தில் எங்களுக்குத் தகவல் தந்த ஒருவர் பெயரும் எங்கள் நாலு பேர் வாயிலிருந்து வந்ததில்லை. பெயரைத் தாளில்கூட எழுதமாட்டோம். என் வீட்டுக் கதவிலேயே, நேரத்தோடு, பையின் நிறத்தோடு தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நோட்டைத் தினமும் கடந்துதான் நான் வெளியே போனேன். ஒரு நாள்கூட என் மூளையில் உறைக்கவில்லை. கேலி மட்டும் செய்தேன். அதனால் உங்களை மட்டும் திட்டவும் முடியவில்லை. அதுதான் இன்னும் கோபமாக வருகிறது.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதீர்கள். நீங்கள் எழுதினால் சிரிப்பு வருகிறது. இப்போது சிரிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

*

மார்ச் 4, செவ்வாய், பகல் 2.30

பாப்பாவுக்கு,

எழுதாதே என்றாய். இரண்டு செவ்வாய் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்றுதான் இருந்தேன். ஒரு செவ்வாய்தான் முடிந்தது. சிரிப்பு வராமல் எழுதப் பார்க்கிறேன்.

நேற்று வாரியத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நான் சம்பளம் வாங்கிய அதே கட்டடம், மூன்றாம் மாடி. விசாரணை அதிகாரிக்கு உன் வயதுதான் இருக்கும். எழுந்து நின்று நாற்காலி போட்டார். மேசைமேல் என் நோட்டு, நவம்பர் 18இல் ஒரு சிவப்பு நாடா.

"ஐயா, உங்களை மாதிரி ஒரு சாட்சி எங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க. முப்பத்தொரு வருஷம், ஒரு ரீடிங் தப்பில்ல. வாரியமே சான்றிதழ் குடுத்திருக்கு."

"அந்தம்மா என்ன சொல்றாங்க?" என்றேன்.

"உங்க வீட்டுக்கு வந்ததே இல்லைங்கறாங்க. தாள் எப்படி வெளியே போச்சுன்னு எங்களுக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் வேற எதுவும் இல்ல. பதிமூணாம் தேதி விசாரணைக் குழு உட்காருது. நீங்க வந்து, இது என் கையெழுத்து, இதுல இருக்கிறது எல்லாம் நடந்ததுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்." பிறகு தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "உங்க பொண்ணு கேஸையும் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாம். சின்னப் பொண்ணு. யாரோ ஏமாத்திட்டாங்கன்னு விட்டுடலாம்."

நான் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. வாரியத்துத் தண்ணீர்.

என் எழுத்து இல்லை என்று சொல்ல முடியாது, முப்பத்தொரு வருட மீட்டர் புத்தகங்கள் கீழ்த்தளத்தில் கிடக்கின்றன. வாயைத் திறக்காமல் இருந்தாலும் பிரயோசனமில்லை, சான்றிதழ் எனக்காகப் பேசிவிடும். நான் பொய் எழுதாதவன் என்பதுதான் அந்த அம்மாவின் கழுத்தில் கிடக்கும் கயிறு. அதனால் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன்.

சைரனை நினைவிருக்கிறதா? தெருமுனையில் பேசினால் தெருக்கோடியில் கேட்குமே, என்னோடு மீட்டர் பார்த்தவன். அவன் வீடுகளுக்குப் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே முந்தின மாத எண்ணோடு ஒரு குத்துமதிப்பைக் கூட்டி எழுதுவான். டீக்கடை ரீடிங் என்று எங்களுக்குள் பேர். ஆறு மாதம் அவன் புத்தகத்தை ஆராய்ந்து, அவன் கணக்குப் போடும் விதத்தைக் கண்டுபிடித்து, மேலே எழுதிக் கொடுத்தது நான்தான். அவன் வேலை போயிற்று. என் சான்றிதழ் அதற்கு அடுத்த வருடம் வந்தது.

நானும் அவனைப்போலத்தான், முப்பத்தொரு வருடமும் டீக்கடையில் உட்கார்ந்து எழுதினேன், இந்த நோட்டும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டால்?

உன் அம்மாவிடம் சொன்னேன். "உங்களுக்குப் பொய் சொல்ல வராதே. எனக்குப் புடவை நல்லாருக்குன்னு சொல்றப்பவே முழி காட்டிக் குடுத்துடும்" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உன் தொழில் உண்மை சொல்வது. அப்பன் குழுவின் முன்னால் பொய் சொன்னால் உனக்குக் குறை வருமா? அதை மட்டும் எழுது.

அப்பா

*

மார்ச் 8

அப்பா,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

வேண்டாம் என்று ஒன்றில் எழுதினேன். எங்கள் தாள்கள் போலி, நாங்கள் பொய்யர்கள் என்பதுதான் அவர்கள் சொல்லும் ஒரே குற்றச்சாட்டு. நீங்கள் அப்படிச் சொன்னால் அன்றைக்கே டிவியில், அப்பனும் பொய்யன், மகளும் பொய்க்காரி என்று போடுவார்கள். நாங்கள் எழுதிய அத்தனையின் மேலும் அது ஒட்டிக்கொள்ளும். செத்துப்போன பதினோரு பேருக்கும் அது நியாயமில்லை.

சொல்லுங்கள் என்று இன்னொன்றில் எழுதினேன். அதையும் கிழித்தேன். பொய் சொல்லச் சொல்லி என் கை எழுதியதைப் பார்க்க முடியவில்லை.

சின்ன வயதில் ஒரு விடுமுறை நாள் என்னை உங்களோடு கூட்டிப் போனீர்கள். ஒரு வீட்டில் நாய் மீட்டர் மேலேயே படுத்திருந்தது. உறுமிக்கொண்டே இருந்தது. போன மாத எண்ணைப் பார்த்துப் போட்டுவிட்டுப் போகலாமே என்றேன். நீங்கள் சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து, அது தூங்கும்வரை முக்கால் மணி நேரம் இருந்தீர்கள். நான் இந்த வேலைக்கு வந்தது ஏதோ கல்லூரியில் படித்ததால் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அந்த நாயால்தான் வந்தேன்.

சைரன் மாமாவின் மகள் என் வகுப்பு. அவருக்கு வேலை போன பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் கேஸைத் தளர்த்துவதாக அவர்கள் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். எடுத்தால் நான் உங்களோடு பேசமாட்டேன். மற்றதில் என்னால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. உங்களைத் தனியாக விடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

அம்மாவை உங்களோடு கூட்டிப் போங்கள்.

*

மார்ச் 18

பாப்பாவுக்கு,

முடிந்தது. படித்ததும் கிழித்துவிடு.

உன் அம்மா வந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஐந்து பேர். ஒரு மூலையில் அந்த அம்மா. முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

நோட்டைக் கொடுத்து, உங்கள் எழுத்தா என்றார்கள். ஆமாம் என்றேன். எழுதியதெல்லாம் நடந்ததா என்றார்கள்.

"எதுவுமே நடக்கலைங்க."

"என்னது?"

"ரிட்டயர் ஆனவன் வீட்டுக்கு யாருங்க வருவா? யாரும் வர்றதில்ல. வந்த மாதிரி எழுதிக்குவேன். இந்தம்மாவை ஆபீஸ்ல பார்த்திருக்கேன், பெரிய படிப்பு படிச்சவங்க, நம்ம வீட்டுக்கு வந்தா கௌரவமா இருக்குமேன்னு எழுதினேன். ஒரு பையும் சேர்த்துக்கிட்டேன்."

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தார். "முப்பத்தொரு வருஷம் தப்பே பண்ணாத ஆள் நீங்க!"

"தப்பைத்தாங்க பண்ணினேன். மாட்டிக்கலை." பிறகு விவரமாகச் சொன்னேன். முந்தின மாதத்தோடு பன்னிரண்டைக் கூட்டு, வெயில் காலமானால் பதினாறு, பூட்டிய வீட்டுக்கு நாலு, வருடத்தில் ஒரு தடவை கூட்டும் எண்ணைக் குறைத்துப் போடு, அப்போதுதான் சந்தேகம் வராது. எல்லாம் சைரனின் சூத்திரம். ஆறு மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்தது, ஒரு புள்ளி மறக்கவில்லை. ஒருத்தர் குறிப்பே எடுத்துக்கொண்டார்.

அப்படியும் அதிகாரி விடவில்லை. பெண்ணைக் காப்பாற்ற நாடகம் ஆடுகிறான் என்றார். சட்டைப்பையிலிருந்து கண் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வைத்தேன். நவம்பர் 6, காலை முதல் மறுநாள் வரை ஆஸ்பத்திரியில், கண்ணில் கட்டு. நோட்டில் அதே நவம்பர் 6இல் என் கையெழுத்தில் மூன்று விருந்தாளிகள், நிமிடத்தோடு. "கண்ணைக் கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரியில படுத்திருந்தவன் எப்படிங்க ஐயா இதைப் பார்த்திருப்பேன்?" மறுநாள் உன் அம்மா சொல்லி எழுதியதை, மலர் போட வந்த அன்றைக்கு நானே பெருமையாகச் சொல்லியிருந்தேன், அவர்கள் யாருக்கும் நினைவில்லை. நான் பேசினால் யாரும் காது கொடுப்பதில்லை என்பது ஒரு தடவையாவது உதவியது.

தலைவர் நோட்டை மூடினார். நாடா உள்ளேயே சிக்கிக்கொண்டது.

அந்த அம்மாவை அன்று மாலையே வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். வேலையில்லை. ஆய்வுக்கூடத்துக்குள் இனி நுழைய முடியாது. ஆனால் வழக்குப் போட அவர்களிடம் ஒன்றுமில்லை. சனிக்கிழமை மகளோடு நம் தெரு வழியாகப் போனார்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது, அதுதான் சரி.

நீ சொன்ன மாதிரியே டிவியில் போட்டார்கள். ஒரு பக்கம் உன் படம், இன்னொரு பக்கம் நான். பல்லை இளித்துக்கொண்டு, சான்றிதழுக்குக் கீழே, மலருக்காக எடுத்த படம். வாரியத்தில் ஆள் வந்து சான்றிதழைக் கழற்றிக்கொண்டு போனான். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. ஓய்வூதியர் சங்கத்தில் இனி வர வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு ஒரு நாற்காலி மிச்சம். உன் வழக்கு அப்படியே இருக்கிறது. உன் தளமும் வெள்ளையாகவேதான் இருக்கிறது.

நேற்று மாலை சைரன் வந்தான். பதினேழு வருடம் கழித்து. வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

"அப்போ நீயும்தானா?"

"ஆமா."

"என்னைப் பத்தி எழுதிக் குடுத்தியே, அப்பவும்?"

"அப்பவும்."

உண்மை நெஞ்சு வரைக்கும் வந்தது, பாப்பா. அவனிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி, முழுங்கிவிட்டேன். ஆனால் அவன் கத்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் மெதுவாகப் பேசிக் கேட்டேன்.

"ஒரு யோக்கியன் கையால வேலை போச்சுன்னுதான்டா இத்தனை வருஷம் மனசைத் தேத்திக்கிட்டேன். என் பொண்ணுகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

அவ்வளவுதான். திரும்பி நடந்து போனான். தெருக்கோடி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்தேன். கதவில் நோட்டு தொங்கிய ஆணி மட்டும் இருக்கிறது. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முப்பத்தாறு வருடமாக என் பழக்கத்தைத் திட்டியவள், என்னைத் தேற்றுவதற்கு வேறு வழி தெரியாமல், "எத்தனை மணிக்கு வந்தாரு?" என்று கேட்டாள்.

பார்க்கவில்லை என்றேன்.

பொய். இப்போதெல்லாம் தடங்கல் இல்லாமல் வருகிறது.

அப்பா